முதலில் இடங்கள், பிறகு எழுத்துகள்: அணி மொழிகளில் உரை மாற்றம்

ஓர் உரையில் ஒரு சொல் வரும் இடமெல்லாம் வேறொரு சொல்லை வைப்பது கணினியின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. 1962-இல் பெல் ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கிய ஸ்னோபால் மொழி இத்தகைய வேலைகளுக்காகவே பிறந்தது. 1968-இல் கென் தாம்சன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடலுக்கான தம் முறையை வெளியிட்டார். இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான நிரல் மொழிகளில் தேடி மாற்றுவதற்கென ஓர் ஆயத்தச் செயற்கூறு இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே மனப்படம் இருக்கிறது. உரையின் தொடக்கத்தில் ஒரு சுட்டி நிற்கிறது; ஒவ்வோர் எழுத்தாக வலப்பக்கம் நகர்கிறது; தேடும் சொல் தட்டுப்பட்டால் அதைத் தாண்டிப்போய், மாற்றுச் சொல்லைப் புதிய உரையில் எழுதிவிட்டு மறுபடி நகர்கிறது.

அதே 1962-இல் வெளிவந்த ஒரு புத்தகம் இதற்கு முற்றிலும் வேறான மனப்படத்துக்கு வழி திறந்தது. அதில் சுட்டி இல்லை, நகர்தலும் இல்லை. உரை முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்து, எங்கெங்கே மாற்றம் நிகழ வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தையே ஒரு தரவாகக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு புதிய உரையை ஒரே வீச்சில் கட்டி எழுப்புவது அந்த வழி. சுட்டி நகரும் முறையில் நம் கண்ணுக்குப் படாமலே கடந்துபோகும் பல கேள்விகள் இங்கே நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. தரவை முழு வரிசையாக, அதாவது அணியாகக் கையாளும் அணி மொழிகளின் உண்மையான மதிப்பு அவற்றின் சுருக்கத்தில் இல்லை, இந்த நேர்மையில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் கென்னத் ஐவர்சன் (1920–2004). கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் பாடம் நடத்தியபோது, தரவைக் கையாளும் முறைகளைக் கரும்பலகையில் தெளிவாக எழுதிக் காட்ட ஒரு குறியீட்டு முறையை அமைத்தார். 1960-இல் ஐபிஎம் நிறுவனத்துக்குப் போனார். ‘ஏ புரோகிராமிங் லாங்குவேஜ்’ என்ற அந்த நூலின் தலைப்பெழுத்துகளே பின்னர் ஏபிஎல் என்ற மொழியின் பெயராயின. முதலில் அது கணினியில் ஓடும் மொழியாகவே இல்லை. 1964-இல் ஐவர்சன், ஏடின் ஃபால்காஃப், எட்வர்ட் சசன்குத் மூவரும் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினியின் செயல்பாட்டை இந்தக் குறியீட்டில் முறையாக விவரித்து எழுதினார்கள். 1966-இல்தான் அது அந்தக் கணினியிலேயே ஓடத் தொடங்கியது. 88 எழுத்துருக்கள் கொண்ட செலக்ட்ரிக் தட்டச்சு உருண்டையில் கிரேக்க எழுத்துகளையும் அம்புக்குறிகளையும் பொறித்து அதற்கென முனையங்கள் அமைத்தார்கள். 1979-இல் ஐவர்சன் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையின் பொருளே, குறியீடு எப்படிச் சிந்தனைக்குக் கருவியாகிறது என்பதுதான்.

நமக்கு இங்கே தேவையானது அந்த மொழியின் ஒரே ஓர் அடிப்படை முடிவு. ஏபிஎல்லில் சரம் என்று தனி இனம் கிடையாது. இருப்பது அணி மட்டுமே. எண்களின் அணி, எழுத்துகளின் அணி. எண்களுக்குச் செல்லும் ஒப்பீடும் சுட்டெண்ணும் திருப்பிப் போடுதலும் வெட்டுதலும் எழுத்துகளுக்கும் அப்படியே செல்லும். அதனால் ‘உரையில் மாற்று’ என்று தனிக் கட்டளை ஒன்று வேண்டும் என்ற எண்ணமே தொடக்கத்தில் எழவில்லை. அணியில் சில உறுப்புகளை மாற்றுவது எப்படியோ, உரையில் எழுத்துகளை மாற்றுவதும் அப்படியே.

தமிழின் இரட்டைக்கிளவிகள் இதற்கு நல்ல உதாரணம் தருகின்றன. ‘கடகட’ என்பதில் நான்கு எழுத்துகள், நான்கும் அகரம் ஏறியவை, நான்கும் கணினியில் ஒவ்வோர் உறுப்பு. இந்த அணியை ‘க’ என்ற எழுத்தோடு ஒப்பிட்டால் விடை உண்டு, இல்லை என்று ஒற்றையாக வராது; உறுப்புக்கு ஒன்றாக, 1 0 1 0 என்று வரும். ஒன்று இருக்கும் இடங்களில் ‘ம’ வை என்றால் ‘மடமட’ கிடைத்துவிடும். லூப் எழுத வேண்டியதில்லை. எத்தனை முறை, எந்த இடம், எப்போது நிறுத்துவது என்ற கவலைகள் எதுவும் இல்லை. 1 0 1 0 என்ற அந்த அணியைத் தனியாக ஒரு மாறியில் வைத்துக் கூட்டினால் எத்தனை இடங்கள் என்ற எண்ணிக்கையும் வரும். திருத்துவதற்கு முன்பே திருத்தத்தின் வரைபடம் கையில் இருக்கிறது.

பல எழுத்துகளை ஒரே நேரத்தில் மாற்றும்போது இந்த அணுகுமுறையின் அருமை இன்னும் தெரியும். ‘கடகட’ என்பதில் ‘க’வை ‘ட’ ஆகவும், ‘ட’வை ‘க’ ஆகவும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் முதல் சுற்றில் ‘டடடட’ வரும். அடுத்த சுற்றில் ‘கககக’ வரும். எது முன்பு ‘க’வாக இருந்தது என்ற தகவல் முதல் சுற்றிலேயே அழிந்துவிட்டது. ஏபிஎல் நிரலாளர்கள் இதைச் சுட்டெண் அட்டவணையால் தீர்த்தார்கள். பழைய ஏபிஎல்களில் மொழியின் எல்லா எழுத்துகளையும் வரிசையாகக் கொண்ட 256 உறுப்புகள் உள்ள ஓர் அணி இருந்தது. உரையின் ஒவ்வோர் எழுத்தும் அதில் எத்தனையாவது என்று கண்டு, அந்த எண்களைக் கொண்டு, இடம் மாற்றி அடுக்கிய இன்னொரு 256 உறுப்பு அணியிலிருந்து எழுத்துகளை எடுத்துவிட்டால் எல்லா மாற்றங்களும் ஒரே கணத்தில் நடந்துவிடும். விடை ‘டகடக’. மூல உரையை மட்டுமே பார்த்து முடிவெடுத்ததால் ஒரு மாற்றம் இன்னொன்றைக் கெடுக்க வழியில்லை.

எழுத்திலிருந்து சொல்லுக்கு

ஓர் எழுத்தைத் தேடுவது ஒப்பீடு. பல எழுத்துகள் கொண்ட சொல்லைத் தேடுவது எப்படி? பழைய ஏபிஎல்லில் இதற்கென அடிப்படைக் குறி இல்லை. ஆனால் ‘வெளிப் பெருக்கல்’ என்ற வசதி இருந்தது. இரண்டு அணிகளைக் கொடுத்தால், ஒன்றின் ஒவ்வோர் உறுப்பையும் மற்றதன் ஒவ்வோர் உறுப்போடும் சேர்த்து ஒரு செயலைச் செய்து, விடைகளை அட்டவணையாகத் தரும் வசதி அது. பெருக்கலைக் கொடுத்தால் வாய்ப்பாடு வரும். சமக்குறியைக் கொடுத்தால் என்ன வரும் என்று பார்ப்போம்.

உரை ‘கடகடகட’; தேடுசொல் ‘கட’. அட்டவணையில் இரண்டு வரிகள். ‘க’ எங்கெங்கே உள்ளது என்பது முதல் வரி: 1 0 1 0 1 0. ‘ட’ எங்கெங்கே என்பது இரண்டாம் வரி: 0 1 0 1 0 1. சொல் தொடங்கும் இடத்தில் ‘க’வும், அதற்கு அடுத்த இடத்தில் ‘ட’வும் இருக்க வேண்டும். ஆகவே இரண்டாம் வரியை இடப்பக்கம் ஓர் இடம் சுழற்று: 1 0 1 0 1 0. இப்போது மேலும் கீழும் ஒன்று இருக்கும் நெடுவரிசைகளை மட்டும் எடு: 1 0 1 0 1 0. மூன்று இடங்களில் ‘கட’ தொடங்குகிறது. தேடுசொல்லில் எட்டு எழுத்துகள் இருந்தால் எட்டு வரிகள். முதல் வரிக்குச் சுழற்சி இல்லை, இரண்டாம் வரிக்கு ஒன்று, மூன்றாம் வரிக்கு இரண்டு என்று போகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சுழற்றும்போது இடப்பக்கம் வெளியேறுவது வலப்பக்கம் வந்து சேரும். ‘கடகட’ என்பதில் ‘டக’ என்று தேடிப் பாருங்கள். ‘ட’ வரி 0 1 0 1. ‘க’ வரி 1 0 1 0. ஓர் இடம் சுழற்றினால் 0 1 0 1. இரண்டும் சேர்ந்து 0 1 0 1. கடைசி ஒன்று பொய். உரையின் இறுதியில் உள்ள ‘ட’வும் தொடக்கத்தில் உள்ள ‘க’வும் கைகோத்து, இல்லாத ஒரு சொல்லை உண்டாக்கிவிட்டன. தேடுசொல்லின் நீளத்தில் ஒன்று குறைத்து, அத்தனை இடங்களை இறுதியிலிருந்து பூஜ்யமாக்கினால் சரியாகிவிடும்.

இடத்தேவையையும் கணக்கிட வேண்டும். அந்த நாள்களின் ஏபிஎல்லில் ஒரு பயனருக்குக் கிடைத்த பணிவெளி சுமார் 32 கிலோபைட்டு. 10,000 எழுத்துள்ள உரை 10,000 பைட்டு. எட்டு எழுத்துத் தேடுசொல்லுக்கு அட்டவணை 80,000 உறுப்புகள். ஏபிஎல் 0-1 அணிகளை உறுப்புக்கு ஒரு பிட்டாகச் சுருக்கி வைப்பதால் அதுவும் 10,000 பைட்டு. சுழற்றிய பிரதி இன்னொரு 10,000. பணிவெளி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. இந்த நெருக்கடியில்தான் முதல் எழுத்து பொருந்திய இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் இரண்டாம் எழுத்தைச் சோதித்து, மிஞ்சியவற்றில் மூன்றாவதைச் சோதிக்கும் சிக்கன வழி பயன்பட்டது. அணிச் சிந்தனை என்றாலே இடத்தை வாரி இறைப்பது என்று சொல்பவர்கள் இந்தக் காலத்து நிரல்களைப் படிக்க வேண்டும்.

1980-களில் ஐபிஎம்மின் ஜேம்ஸ் பிரவுன் தலைமையில் வந்த ஏபிஎல்2 இந்தத் தேடலைக் கோடிட்ட எப்சிலான் என்ற ஒற்றைக் குறியாக மொழிக்குள் சேர்த்தது. அணிக்குள் அணி வைக்கும் வசதியையும் அதுவே பரவலாக்கியது. இரண்டுமே பின்னால் வரும் கதைக்கு வேண்டியவை.

நீளம் மாறும்போது

தேடுசொல்லும் மாற்றுச்சொல்லும் ஒரே நீளமாக இருக்கும்வரை உரை தன் இடத்திலேயே இருக்கிறது. நீளம் மாறிய கணத்தில் எல்லாமே மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் தனக்கு வலப்பக்கம் உள்ள எல்லா எழுத்துகளையும் நகர்த்துகிறது. நூறாவது மாற்றம் எங்கே போய் விழும் என்பது அதற்கு முந்தைய 99 மாற்றங்களைப் பொறுத்தது. சுட்டி நகரும் முறைக்கு இது தொல்லையே இல்லை, புதிய உரையின் நுனியில் எழுதிக்கொண்டே போகலாம். அணி முறை இங்கே தோற்றுவிடும் என்றுதான் முதலில் தோன்றும்.

‘அ,ஆ,இ’ என்ற உரையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு காற்புள்ளிக்குப் பின்னும் ஓர் இடைவெளி வேண்டும்; அதாவது காற்புள்ளியை, காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்த இரண்டு உறுப்புகளால் மாற்ற வேண்டும். காற்புள்ளி உள்ள இடங்கள்: 0 1 0 1 0. மூல உரையின் ஒவ்வோர் உறுப்பும் புதிய உரையில் எத்தனை இடம் பிடிக்கும் என்று எழுதுவோம்: 1 2 1 2 1. கூட்டினால் 7; அதுவே புதிய உரையின் நீளம். இனி இதன் குவிவுத் தொகை: 1 3 4 6 7. ஒவ்வொன்றிலிருந்தும் அதனதன் இடத்தேவையைக் கழித்தால் 0 1 3 4 6. மூலத்தின் ஒவ்வோர் உறுப்பும் புதிய உரையில் எங்கே தொடங்கும் என்பதற்கான முழு விடை இது. ‘ஆ’ பூஜ்யத்திலிருந்து எண்ணி மூன்றாம் இடத்திலும் ‘இ’ ஆறாம் இடத்திலும் உட்காரும். 1, 2 ஆகிய இடங்களும் 4, 5 ஆகிய இடங்களும் மாற்றுச்சொல்லுக்கு உரியவை. 1 2 1 2 1 என்ற எண்ணிக்கைப்படி மூல உறுப்புகளைப் பெருக்கிவிட்டு, அந்த நான்கு இடங்களில் மாற்றுச்சொல்லை எழுதினால் வேலை முடிந்தது.

தேடுசொல் நீளமானதாக இருந்தாலும் கணக்கு இதேதான். ‘கடகட’வில் ‘கட’ என்பதற்கு மூன்றெழுத்துச் சொல் வேண்டுமென்றால் எண்ணிக்கை 3 0 3 0. சொல்லின் முதல் எழுத்து முழு இடத்தையும் வாங்கிக்கொள்ள, மீதி எழுத்துகள் இடமின்றி மறைகின்றன. சொல்லை அடியோடு நீக்குவதென்றால் 0 0 0 0. தனி விதி எதுவும் தேவைப்படவில்லை. காற்புள்ளி உதாரணத்தில் மாற்றுச்சொல்லுக்குள்ளேயே காற்புள்ளி இருப்பதையும் கவனியுங்கள். மாற்றிய உரையையே மறுபடி மறுபடி தேடும் அவசர லூப் இதில் முடிவே இல்லாமல் சுற்றும். இங்கே அந்த ஆபத்துக்கு இடமில்லை, தேடியது மூல உரையை மட்டும்.

குவிவுத் தொகைதான் இந்தக் கட்டுமானத்தின் முதுகெலும்பு. ஏபிஎல்லில் அது கூட்டல் குறியும் பின்சாய்கோடும் சேர்ந்த இரண்டே குறிகள். பார்ப்பதற்கு இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டினால்தான் வரும் போலிருக்கும் இந்தத் தொகையைப் பல செயலிகள் பங்கிட்டுக்கொண்டு மடக்கைப் படிகளில் முடிக்கலாம் என்பது பின்னாளில் இணைக் கணிப்பின் மையச் செய்தியாயிற்று. 65,536 செயலிகள் கொண்ட கனெக்‌ஷன் மெஷினை முன்வைத்து டேனியல் ஹில்லிஸ், கை ஸ்டீல் இருவரும் 1986-இல் எழுதிய கட்டுரையும், 1990-இல் கை பிளெல்லாக் குவிவுத் தொகையின் பயன்களைத் தொகுத்து எழுதியதும் இதைப் பரவலாக்கின. பத்து லட்சம் எழுத்துள்ள உரைக்கு, போதிய செயலிகள் இருந்தால், ஏறக்குறைய இருபது படிகள் போதும். ஒவ்வொரு மாற்றமும் எங்கே விழும் என்பது முந்தையவற்றைப் பொறுத்தது என்று சற்று முன் சொன்னேன். பொறுத்தது என்பது உண்மை. வரிசையாகத்தான் கணிக்க வேண்டும் என்பது உண்மையில்லை.

ஒன்றின் மேல் ஒன்று விழும் பொருத்தங்கள்

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் கடினமான பகுதி, நான் மிகவும் நேசிக்கும் பகுதியும் இதுவே. உரை ‘கடகடகடகட’, எட்டு எழுத்துகள். தேடுசொல் ‘கடகட’. கோடிட்ட எப்சிலான் தரும் விடை: 1 0 1 0 1 0 0 0. மூன்று இடங்கள், ஆனால் பூஜ்யத்தில் தொடங்குவதும் இரண்டில் தொடங்குவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இரண்டில் தொடங்குவதும் நான்கில் தொடங்குவதும் அப்படியே. மூன்றையும் மாற்ற முடியாது. எதை விடுவது?

சுட்டி நகரும் முறை இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு தாண்டிப்போகிறது. பூஜ்யமும் நான்கும் தேர்வாகின்றன, இரண்டு விடுபடுகிறது. அந்தத் தேர்வு சரியானதாகவே இருக்கலாம். ஆனால் அது ஒரு தேர்வு என்பது அங்கே தெரிவதில்லை. அணி முறையில் 1 0 1 0 1 0 0 0 என்று மூன்று ஒன்றுகளும் கண்முன் நிற்கும்போது நாம் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும்.

இடப்பக்கம் உள்ளதற்கே முன்னுரிமை என்று விதித்தாலும் சிக்கல் தீரவில்லை. நான்கில் உள்ளதை ஏற்கலாமா என்பது இரண்டில் உள்ளதை விட்டோமா என்பதைப் பொறுத்தது. அது பூஜ்யத்தில் உள்ளதை ஏற்றோமா என்பதைப் பொறுத்தது. எல்லா உறுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் விடை சொல்லும் ஒப்பீடு இங்கே போதாது.

ஓர் அழகிய வழி இருக்கிறது. ஒவ்வொரு பொருத்தத்துக்கும், ‘இதை ஏற்றால் அடுத்து ஏற்கக்கூடியது எது’ என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு மற்றவற்றின் முடிவு தேவையில்லை. தேடுசொல்லின் நீளத்தைக் கூட்டி, அந்த இடத்திலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பொருத்தத்தைப் பார்த்தால் போதும். பூஜ்யத்துக்கு அடுத்தது நான்கு. இரண்டுக்கு அடுத்தது இல்லை. நான்குக்கும் இல்லை. மூன்று விடைகளையும் ஒரே வீச்சில் கணிக்கலாம். பிறகு முதல் பொருத்தத்திலிருந்து தொடங்கி இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் தேர்வானவை கிடைக்கும்: 0, 4. ஐவர்சனும் ரோஜர் ஹூயியும் 1990-இல் உருவாக்கிய ஜே மொழியில், விடை மாறாமல் நிற்கும்வரை ஒரு செயலைத் திரும்பச் செய்து, இடையில் வந்த விடைகளையெல்லாம் சேர்த்துத் தரும் வசதி இருப்பதால் இந்தச் சங்கிலி நடை அங்கே மிகச் சில குறிகளில் முடிந்துவிடும்.

சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அடுத்ததன் அடுத்தது எது, நான்கு கண்ணி தள்ளி வருவது எது என்று இரட்டித்துக்கொண்டே போனால் மடக்கைப் படிகளில் முடியும். ஹில்லிஸும் ஸ்டீலும் தம் கட்டுரையில் இன்னும் ஆழமான ஒன்றைக் காட்டினார்கள். உரையைப் படித்து நிலை மாறும் எந்த வரம்புறு பொறிக்கும், ஒவ்வோர் எழுத்தையும் ‘இந்த நிலையில் வந்தால் அந்த நிலைக்குப் போ’ என்று சொல்லும் ஒரு சார்பாகக் கருதலாம். சார்புகளை இணைப்பதில் எங்கே அடைப்புக்குறி போட்டாலும் விடை ஒன்றே. ஆகவே குவிவுத் தொகைக்குச் செல்லும் அதே தந்திரம் இதற்கும் செல்லும். நம் சிக்கலில் நிலை என்பது ‘ஏற்ற சொல்லிலிருந்து வெளியேற இன்னும் எத்தனை எழுத்து’ என்ற எண் மட்டுமே. நான்கெழுத்துச் சொல்லுக்கு நான்கு நிலைகள். வரிசையாக மட்டுமே எடுக்க முடியும் என்று தோன்றிய முடிவும் இப்படி இணையாக எடுக்கக்கூடியதாகிறது. இந்த வழியில் வெகுதூரம் போனவர் ஏரன் ஸூ. 2019-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, கிராஃபிக்ஸ் செயலியில் ஓடும் ஒரு கம்பைலரையே அணிச் செயல்களால் எழுதிக் காட்டியது.

ஒன்றுக்கு மேற்பட்ட தேடுசொற்கள் வந்தால் முன்னுரிமைக் கேள்வி இரட்டிக்கிறது. ‘கடகடக’ என்ற உரை; ‘கடக’ என்பதற்கு ஒரு மாற்று, ‘டக’ என்பதற்கு வேறொரு மாற்று. ஜே மொழியின் நூலகத்தில் உள்ள மாற்றுச் செயற்கூறு, நாம் கொடுக்கும் வரிசையையே முன்னுரிமையாகக் கொள்கிறது. ‘கடக’வை முதலில் கொடுத்தால் தொடக்கத்து மூன்றெழுத்தும் அதற்குப் போய், மீந்த ‘டக’ இரண்டாவதற்குப் போகும். ‘டக’வை முதலில் கொடுத்தால் அது இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ள, முதல் ‘க’ மட்டும் மாறாமல் நிற்கும். ‘கடக’வுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஏபிஎல்லின் இன்னொரு வடிவமான டயலாக் ஏபிஎல்லின் வழி வேறு. 2011-இல் வந்த அதன் 13-ஆம் பதிப்பு, ஃபிலிப் ஹேசல் எழுதிய பிசிஆர்இ என்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தின் துணையோடு தேடுவதற்கும் மாற்றுவதற்கும் இரண்டு இயக்கிகளைச் சேர்த்தது. அங்கே முன்னுரிமை இடத்துக்கு. இருக்கும் இடத்தில் எந்தச் சொல் பொருந்துகிறது என்று வரிசையாகப் பார்த்து, பொருந்தினால் தாண்டிப்போகும். ஆகவே எந்த வரிசையில் கொடுத்தாலும் முதலில் விழுவது ‘கடக’தான். இரண்டு செயற்கூறுகளும் சரியானவை. ஒரே வேலையைச் செய்பவை என்று நம்பி ஒன்றின் இடத்தில் மற்றதை வைப்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

ஆர்தர் விட்னியின் கே மொழியும் அதன் வழிவந்த கியூவும் வேறோர் உத்தியைக் கையாளுகின்றன. பொருத்தங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் உரையைத் துண்டாக வெட்டு. ‘அ,ஆ,இ’ ஐந்து துண்டுகளாகும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவையெல்லாம் பொருத்தங்கள். அவற்றை மட்டும் மாற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒட்டு. குவிவுத் தொகையைக் கையால் எழுத வேண்டியதில்லை. ஒட்டும்போது மொழியே இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். படிப்பதற்கு இதுதான் எளிது. அணிக்குள் அணி வைக்க முடிந்த பிறகே இது சாத்தியமாயிற்று.

உறுப்பு எது?

இதுவரை ‘கடகட’ போன்ற சொற்களையே எடுத்தேன். காரணம் இருக்கிறது. எழுத்துகளின் அணி என்று சொல்லும்போது எழுத்து எது என்பதை ஏற்கெனவே தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜே மொழியில் கேட்டால் 15 என்று வரும். அது பைட்டுகளை எண்ணுகிறது. டயலாக் ஏபிஎல்லில் கேட்டால் 5. அது யூனிகோட் குறியெண்களை எண்ணுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 3.

நீளத்தில் வரும் இந்த வேறுபாடு மாற்றத்தில் பிழையாக வெளிப்படும். ‘கல் கலம்’ என்ற உரையில் ‘கல’ என்பதை ‘மர’ என்று மாற்றச் சொல்லுங்கள். குறியெண்களாகப் பார்த்தால் உரை எட்டு உறுப்புகள்: க, ல, புள்ளி, இடைவெளி, க, ல, ம, புள்ளி. தேடலின் விடை 1 0 0 0 1 0 0 0. மாற்றிய உரை ‘மர் மரம்’. ‘கல்’ என்ற சொல்லில் ‘கல’ இல்லை என்பது தமிழ் படிப்பவருக்குத் தெரியும். உறுப்பைக் குறியெண்ணாகக் கொண்ட அணிக்குத் தெரியாது. இந்தப் பிழை அணி மொழிகளுக்கு மட்டும் உரியதன்று. குறியெண்களின் மேல் நகரும் எந்தச் சுட்டியும் இதே பிழையைச் செய்யும்.

2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியேற்றம் இதற்கு வேர்நிலையில் விடை தந்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதில் ஓர் எழுத்து ஓர் உறுப்பு. மேலே சொன்ன எல்லா வழிமுறைகளும் அப்படியே செல்லும். ஆனால் உலகின் உரைகள் யூனிகோடில் இருக்கின்றன, அவற்றோடுதான் நாம் வேலை செய்ய வேண்டும்.

அணி மொழி இங்கே தன் சொந்தக் கருவியாலேயே வழி காட்டுகிறது. புள்ளியும் துணைக்குறிகளும் எவை என்பது தெரிந்த சிறு பட்டியல். உரையின் ஒவ்வோர் உறுப்பும் அந்தப் பட்டியலில் இல்லையா என்று கேட்டால் ‘கல் கலம்’ உரைக்கு 1 1 0 1 1 1 1 0 என்று வரும். ஒன்று உள்ள இடமெல்லாம் ஓர் எழுத்தின் தொடக்கம். அந்த இடங்களில் வெட்டினால் ஆறு துண்டுகள்: க, ல், இடைவெளி, க, ல, ம். கடைசித் துண்டில் ‘ம’வும் அதன் புள்ளியும் சேர்ந்தே இருக்கும். இப்போது இந்த அணிகளின் அணியில் ‘க’, ‘ல’ என்ற இரண்டு துண்டுகளைத் தேடினால் 0 0 0 1 0 0. கோடிட்ட எப்சிலான் உள்ளடங்கிய அணிகளிலும் தேடும் என்பதால் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. மாற்றி ஒட்டினால் ‘கல் மரம்’. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஓரெழுத்தாகக் கொள்ள வேண்டுமானால், ‘க்’ முன்னிருக்கும் ‘ஷ’வின் இடத்திலும் ‘ஸ்’ முன்னிருக்கும் ‘ரீ’யின் இடத்திலும் ஒன்றைப் பூஜ்யமாக்கினால் போதும், அந்த முடிவும் 0-1 அணியில் கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னும் ஒரு தடை உண்டு. ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ‘க’வும் ஒகரக் குறியும் என்று இரண்டு உறுப்புகளாக, அல்லது ‘க’, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்று உறுப்புகளாக. திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்பீட்டில் இரண்டும் வேறு. ஆகவே வெட்டுவதற்கு முன் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் ஒகரக் குறி, இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் ஓகாரக் குறி, ஒற்றைக்கொம்பும் ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் சேர்ந்தால் ஔகாரக் குறி என்று மூன்று மாற்றங்களைச் செய்துவிட வேண்டும். இரண்டு உறுப்பு ஒன்றாகும் மாற்றங்கள் இவை. பொருந்தும் இடங்களில் எண்ணிக்கை 1 0. கொம்பு ஒருபோதும் இரண்டாவதாக வராது, காலும் ஔகாரக் குறியும் ஒருபோதும் முதலாவதாக வராது. எனவே இந்த மூன்றில் எந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வழியில்லை. சங்கிலியும் முன்னுரிமை விதியும் இங்கே தேவைப்படா. மூன்று 0-1 அணிகளையும் மூல உரையிலிருந்தே ஒரே நேரத்தில் எடுத்து, ஒரே எண்ணிக்கை அணியாக இணைத்து, ஒரே வீச்சில் மாற்றிவிடலாம்.